சிக்னலில் நின்றால் நடுங்கும் பழைய 800: மவுன்டிங்கா, மிஸ்ஸிங்கா?

7 ஜூன் 2025

வண்டி: 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், அப்பா வாங்கியது. ஓடியது 1,38,000 கிலோமீட்டர். ஆறேழு வருஷமாக கேஸ் கிட் (எல்பிஜியில் ஓட்டுவதற்கு) வேறு இருக்கிறது.

பிரச்சினை இதுதான். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. சிக்னலில் நியூட்ரலில் நின்றால் ஸ்டியரிங், சீட், கதவு, கண்ணாடி எல்லாம் நடுங்குகிறது. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் சிக்னலில் பின்னால் நிற்கிற பஸ் கண்ணாடியில் இரண்டு பஸ்ஸாகத் தெரிகிறது. லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் சரியாகிவிடும். காலையில் எடுத்ததும் நன்றாகத்தான் இருக்கும், பத்து நிமிஷம் ஓடிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு "மவுன்டிங் போச்சுங்க, செட்டா மாத்திடலாம்" என்றார். மவுன்டிங் என்றால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர். இந்த வண்டியை வைத்திருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். மாற்றலாமா?

8 ஜூன்

பதில் போட்டவர்கள் கேட்ட விவரங்கள். பிளக் போன வருஷம் மாற்றியது. ஏர் ஃபில்டர் புதுசு. ஐட்லிங் (நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) 850 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 850 சுற்று பக்கம் இருக்கும் என்று காதுதான் சொல்கிறது, சுற்றைக் காட்டுகிற டேக்கோமீட்டர் இந்த வண்டியில் கிடையாது. பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். கேஸை ஏழெட்டு மாதமாகத் தொடவில்லை.

"மூணு சிலிண்டர் வண்டி என்றால் நடுங்கத்தான் செய்யும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மூணு சிலிண்டரில் முன்கோடிப் பிஸ்டனும் பின்கோடிப் பிஸ்டனும் மாறி மாறி இன்ஜினை ஏற்றம் மாதிரி ஆட்டும், அது பிறவிக்குணம். 28 வருஷமாக இதே வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த நடுக்கம் எனக்குப் பழக்கம். இது வேறு.

15 ஜூன்

மாற்றிவிட்டேன். மவுன்டிங் செட் 1,450, கூலி 600. கம்பெனி பொருள் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் கொடுத்த பெயரில்லாத செட்.

முன்பைவிட மோசம். இப்போது கியர் லிவரும் சேர்ந்து ஆடுகிறது.

கழற்றிய பழைய ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் வெடிப்பு இருந்தது, ஆனால் கிழியவில்லை, கட்டைவிரலால் அமுக்கினால் இன்னும் கொடுக்கிறது. புதுசு கல்லு மாதிரி இருக்கிறது. பழைய ரப்பர் இன்ஜின் ஆட்டத்தில் பாதியைத் தானே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது போல. புதுசு ஒட்டுமொத்தமாகப் பாடிக்கு அனுப்பிவிடுகிறது.

16 ஜூன்

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "ஓடஓட ரப்பர் செட் ஆயிடுங்க." செருப்பா அது?

29 ஜூன்

எனக்கு இப்போது சந்தேகமெல்லாம் பெட்ரோல் மேல்தான். பங்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்தால் 13.5 பக்கம் வரும். புதுசு வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, அது பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். என் கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. 1997-ல் எந்த ஓட்டையைப் போட்டார்களோ அதே ஓட்டை வழியாக விட்டுக்கொண்டிருக்கிறது. கலவை மெலிகிறது, மெலிந்த கலவை ஐட்லிங்கில் சரியாகப் பற்றாது, மிஸ்ஸிங் அடிக்கிறது. கணக்கு சரியாக வருகிறதா இல்லையா?

பழைய ரப்பர் ஹோஸுக்கும் எத்தனால் ஆகாது. ஒரு ஹோஸை நகத்தால் கீறிப் பார்த்தேன், கறுப்பாக ஒட்டியது.

2 ஜூலை

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டெல்லாம் (பெட்ரோல் வருகிற அந்த ஓட்டைகள்) கழுவியாயிற்று. பெட்ரோல் ஹோஸ், வேக்கம் ஹோஸ் எல்லாம் புதுசு. ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் தேவலை. கொஞ்சம்தான்.

கார்புரேட்டர் அடிக் கட்டையைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்தும் பார்த்தேன். காற்று உள்ளே கசிந்தால் ஸ்ப்ரேயும் சேர்ந்து உள்ளே போகும், இன்ஜின் சத்தம் அந்த நொடியே மாறும். மாறவில்லை.

3 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், இங்கே பதில் எழுதுகிற கரூர் அண்ணன் திட்டியதால். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகை வெளியேறும் குழாய்) பக்கத்தில் அந்த ஸ்ப்ரேயை அடிப்பது தீக்குச்சியோடு விளையாடுவது மாதிரி. செய்தே தீர வேண்டுமென்றால் துணிக்கு இஸ்திரி போடும் முன் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து மெலிதாகத் தெளிக்கலாம், கசிவு பெரிசாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். ஒயர் பக்கம் படாமல்.

13 ஜூலை

கரூர் அண்ணன் ஒரே வரி எழுதியிருந்தார்: "தம்பி, கேஸ் கிட் இருக்குன்னு சொன்னீங்களே, கேஸ்ல போட்டுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒரு மாதமாக டாஷ்போர்டில் கண்ணெதிரே அந்த சுவிட்ச் இருக்கிறது. தோன்றவே இல்லை.

இன்று சிங்காநல்லூர் தாண்டி ஒரு ஆட்டோ எல்பிஜி பங்கில் பத்து லிட்டர் போட்டுவிட்டு, பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, கேஸுக்கு மாற்றினேன். அச்சு அசலாக அதே நடுக்கம். அதே தாளம். பெட்ரோலில் கார்புரேட்டர் ஜெட் வழியாகப் போகிறது. கேஸில் ஜெட்டுக்கு வேலையே இல்லை, மிக்சர் வழியாகப் போகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி நடுங்கினால் ஜெட்டும் இல்லை, இ20-யும் இல்லை.

ஜூன் 29 அன்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மெலியும் கணக்கு சரி, ஆனால் என் வண்டியின் நோய் அது இல்லை. ஹோஸ் மாற்றியது வீண் இல்லை, எப்படியும் மாற்ற வேண்டியவைதான். கார்புரேட்டர் கழுவிய 800 ரூபாய் வீண்.

அதே நாள், ராத்திரி

படுத்த பிறகு தோன்றியது. கேஸில் போட்டுப் பார்ப்பது எரிபொருள் சந்தேகத்தைத்தான் தீர்க்கும். மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் கலவை போகிற குழாய்) காற்றுக் கசிவு இருந்தால் அது இரண்டிலும் வரும். ஆக மிச்சம் மூன்று: கசிவு, பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டர் கலவையை அமுக்குகிற அழுத்தம்).

14 ஜூலை

இன்று எதையும் கழற்றவில்லை. எண்ணினேன்.

850 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரியும். நொடிக்கு 7 தடவை. மூன்றும் சேர்ந்தால் 21. நொடிக்கு 21 அடியைக் கையால் எண்ண முடியாது, அது ஒரு முனகலாகத்தான் தெரியும். ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பேறித்தனம் பண்ணினால், நொடிக்கு 7 தடவை ஒரு பள்ளம் விழும். போனில் சைலென்சர் சத்தத்தைப் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டேன். டப் டப் பொத்... டப் டப் பொத். கேட்டுவிட்டது.

முக்காலியில் ஒரு கால் குட்டை. நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் இன்னும் மூன்று தாங்கும். இதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மவுன்டிங் ரப்பருக்கும் வேகமான நடுக்கத்தைத் தின்னத்தான் தெரியும், இந்த மாதிரி மெதுவான ஆட்டத்தை அப்படியே சீட்டுக்குக் கொடுத்துவிடும். மெக்கானிக் பார்த்தது மவுன்டிங் மேல் இன்ஜின் ஆடுவதை. ஆடியது உண்மை. ஏன் ஆடுகிறது என்று கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, 2,050 ரூபாய் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

எது குட்டைக்கால்? ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் பிடி போட்ட இடுக்கி. இன்ஜினை அணைத்து ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் வேறொரு பிளக்கைச் செருகி, அந்த பிளக்கை இன்ஜின் பாடியில் அழுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். 1-ஆம் சிலிண்டர் ஒயரை எடுத்தால் இன்ஜின் செத்தே போகிறது. 3-ஐ எடுத்தால் அதே கதை. 2-ஐ எடுத்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இல்லாத ஆளை வீட்டை விட்டு அனுப்பின மாதிரி.

(ஓடுகிற இன்ஜினில் ஒயரைப் பிடுங்காதீர்கள். எரியாத பெட்ரோலை அதிக நேரம் சைலென்சருக்கு அனுப்பவும் கூடாது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) உள்ள வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.)

2-இன் பிளக்கை 3-க்கு மாற்றினேன். ஒயரையும் மாற்றினேன். நோய் 2-லேயே நின்றது. தனியாக வைத்த பிளக்கிலும் பொறி நீலமாகத்தான் விழுந்தது. பொறி இல்லை. கார்புரேட்டர் அடியில் கசிந்தால் மூன்றும்தான் அவதிப்படும், 2 மட்டும் இல்லை. கம்ப்ரஷன் மிச்சம். 2-க்குப் போகிற மேனிஃபோல்ட் பேக்கிங் ஒன்று இருக்கிறது, அதைத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், மாறவில்லை.

20 ஜூலை

கம்ப்ரஷன் கேஜ் இரவல். சூடான இன்ஜின், மூன்று பிளக்கும் வெளியே, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தோம்.

1: 165. 2: 110. 3: 170. எல்லாம் பிஎஸ்ஐ.

இரண்டு சிலிண்டருக்கிடையில் 15 பிஎஸ்ஐ வரை வித்தியாசம் இருக்கலாம். இது 60. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறும். 115-க்கு மேல் போகவில்லை. ரிங் இல்லை. வால்வு.

வேக்கம் கேஜும் கிடைத்தது, இன்ஜின் காற்றை இழுக்கிற இழுப்பை பாதரச இஞ்சில் காட்டுவது. ஐட்லிங்கில் முள் 17-க்கும் 13-க்கும் நடுவில் விட்டுவிட்டுத் துடிக்கிறது, நல்ல இன்ஜினில் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இந்த ஒரு கேஜை முதல் நாளே வைத்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் மவுன்டிங் காசு மிச்சம்.

21 ஜூலை

தன் கேஜ் குறைவாகக் காட்டுகிறது என்று கேட்ட ஊட்டிக்காரருக்கு: உங்கள் கேஜில் முள் 12-ல் ஆடாமல் நிற்கிறது என்றால் இன்ஜின் சாகவில்லை. புத்தகத்தில் 17 முதல் 21 என்று போட்டிருப்பது கடல் மட்டத்துக்கு. ஆயிரம் அடி ஏற ஏற ஒரு இஞ்ச் குறையும். உங்கள் ஊர் 7,300 அடிக்கு மேலே. 12-உடன் 7-ஐக் கூட்டுங்கள். உங்கள் இன்ஜின் என்னுடையதைவிட ஆரோக்கியம். கோயம்புத்தூருக்கே ஒரு இஞ்சுக்கு மேல் கழிக்க வேண்டும்.

27 ஜூலை

டேப்பெட் மூடியைத் திறந்தேன், வால்வுக்கும் அதை அமுக்கித் திறக்கிற ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க. ஞாயிறு காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது. ஆறே வால்வுதான், ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஐந்து வால்வில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மேனுவல் சொன்ன அளவில் லேசாக இழுபட்டுக்கொண்டு போனது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இல்லை, புத்தகத்தின் இரண்டு தாளுக்கு நடுவில் விசிட்டிங் கார்டை இழுக்கிற மாதிரி. 2-இன் எக்ஸாஸ்ட் வால்வில் (புகை வெளியேறும் வால்வு) இருப்பதிலேயே மெலிசான தகடு, 0.05 மி.மீ., அதுகூட நுழையவில்லை. இடைவெளி பூஜ்யம். அதாவது அந்த வால்வு ஒருபோதும் முழுசாக மூடவே இல்லை. சூடானால் வால்வுத்தண்டு நீளும், இன்னும் கொஞ்சம் திறந்தே நிற்கும்.

அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கேஸ்ல ஓட்டின வண்டி, டேப்பெட்டை அடிக்கடி பாக்கணும்னு அப்பவே கிட் போட்டவர் சொன்னாருப்பா." அப்பவே என்றால் 2018. எனக்குச் சொன்னது இன்று.

கேஸ் வறண்டது. வால்வு சீட்டில் (வால்வு மூடும்போது போய் உட்காருகிற வளையம்) படிந்து காப்பாற்ற அதில் ஒன்றும் இல்லை. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி உட்காரும், டேப்பெட் இடைவெளி குறையும். பெட்ரோல் வண்டியில் டேப்பெட் லூசானால் டிக்டிக் என்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். இது எதிர்ப்பக்கம், இடைவெளி இறுக இறுக சத்தம் குறையும். நான் வேறு போன வருஷம் "இன்ஜின் எவ்வளவு அமைதியாக இருக்கிறது" என்று பெருமைப்பட்டேன்.

அளவு வைத்து மூடினேன். கம்ப்ரஷன் 145. சிக்னல் வரை போய் வந்தேன். பஸ் ஒன்றாகத் தெரிந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் கலங்கல்.

28 ஜூலை

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் சரியாகிவிடும்", "காலையில் எடுத்ததும் நன்றாகத்தான் இருக்கும்". அங்கேயே விடை இருந்தது. மெதுவாகச் சுற்றும்போதுதான் கசிய நேரம் கிடைக்கும், வேகம் ஏறினால் கசிவதற்குள் எரிந்துவிடும். காலையில் சோக் இழுத்திருப்பதால் இன்ஜின் வேகமாகச் சுற்றியது, நோய் ஒளிந்துகொண்டது. நான் அதை "காலையில் இன்ஜின் நல்லா இருக்கு" என்று எழுதியிருக்கிறேன்.

10 ஆகஸ்ட்

இரண்டு பேருக்குச் சேர்த்து.

எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிற வண்டி) வைத்திருப்பவர்: உங்களுக்கு இந்த வரிசை கொஞ்சம் மாறும். முதலில் காற்று உள்ளே போகிற த்ராட்டில் பாடியில் கரி, அப்புறம் ஐடில் காற்று வால்வு, மேப் சென்சாருக்கு (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) போகிற ஹோஸ் இருந்தால் அதில் வெடிப்பு. கழுவிய பிறகு ஐட்லிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் பழைய அழுக்குக்குப் பழகியிருக்கும், திரும்பக் கற்றுக்கொள்ள நாளாகும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுங்குகிறது என்றவர்: அது வேறு வியாதி. காலி ரோட்டில் 80-ல் நியூட்ரல் போட்டு விடுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால் இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை, டயர் கடைக்குப் போங்கள்.

14 செப்டம்பர்

திரும்ப வந்துவிட்டது. ஏழு வாரம்தான் தாங்கியது. மூடியைத் திறந்தால் 2-இன் எக்ஸாஸ்ட் மறுபடி இறுக்கம். கேஸில் ஓட்டவே இல்லை, பெட்ரோல்தான். ஒருமுறை கசிய ஆரம்பித்த சீட்டை நெருப்பே தின்றுகொண்டிருக்கும் போலிருக்கிறது. ஜூலையில் "முடிந்தது" என்று எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

ஹெட்டை, அதாவது வால்வெல்லாம் இருக்கிற இன்ஜின் மேல்பகுதியை, கழற்ற வேண்டும். இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று மனைவி கேட்டாள். கேள்வி நியாயம். 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தைப் போன மாதம்தான் 10,000 ஆக்கினார்கள், என் வண்டிக்கு 2027-ல் அது வேறு காத்திருக்கிறது. 800 உற்பத்தி நின்று 11 வருஷமாகிறது. ஆனாலும் வால்வு, பேக்கிங் செட் எல்லாம் கடையில் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்பாவைக் கேட்டேன். அவர் பேப்பரை இறக்காமல் "பட்டறை நம்பர் தரட்டுமா" என்றார்.

5 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு வண்டி தலையில்லாமல் நின்றது. திறந்த இன்ஜின் மேல் துணியைப் போட்டு மூடி, பானட்டுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம். நசுக்கத்தான் முடியவில்லை.

ஹெட் கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனது. 2-இன் எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார் பட்டறைக்காரர். வட்டமாகப் பளபளவென்று இருக்க வேண்டிய விளிம்பில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடத்தில் மட்டும், கட்டெறும்பு நுழைகிற அளவுக்கு ஒரு வெளிறிய வாய்க்கால். "இதுவழியாத்தாங்க போயிருக்கு." இவ்வளவுதான். இதற்காக மவுன்டிங், கார்புரேட்டர், ஹோஸ், நாலு மாதம்.

எக்ஸாஸ்ட் சீட் மூன்றையும் தட்டி எடுத்து கடினமான சீட் போட்டார்கள், எக்ஸாஸ்ட் வால்வு மூன்றும் புதுசு, இன்டேக்குக்குப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தது மட்டும். முடிந்ததும் ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஒவ்வொரு போர்ட்டிலும் (வால்வுக்குப் போகிற வழி) மண்ணெண்ணெய் ஊற்றினார். கால் மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து வால்வு விளிம்பை விரலால் தடவினார். காய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க மனசு வந்தது. சீட், வால்வு, கூலி, ஹெட் பேக்கிங், கழற்றியதோடு டைமிங் பெல்ட்: எல்லாம் 11,300.

கம்ப்ரஷன் 172, 170, 174.

19 அக்டோபர்

இத்தனைக்கும் பிறகு ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அதிர்வு. தூக்கம் போயிற்று. முள் 18-ல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, மூன்று சிலிண்டரும் வேலை செய்கிறது, பின்னே ஏன்?

குனிந்து பார்த்தால் சைலென்சர் குழாய் தரைத்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, தொட்ட இடம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. ஹெட் மாட்டும்போது தொங்கும் ரப்பர் ஒன்று அறுந்திருக்கிறது. 30 ரூபாய்.

அப்புறம் பழைய மவுன்டிங்கைத் தேடினேன். ஜூனில் மெக்கானிக் "இது எதுக்குங்க" என்று வீசப்போனதை அப்பா வாங்கி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தார். இடது பக்கத்துக்கு அதையே திரும்ப மாட்டினேன். கல்லு செட்டைவிட வெடித்த ரப்பர் மேல். யாருக்கும் இதைச் சிபாரிசு செய்யவில்லை, நல்ல செட் கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

16 நவம்பர்

"சரியாகிவிட்டதா?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. பெட்ரோலில் சரி. கேஸ் சுவிட்சைத் தொடவில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டேப்பெட் பார்ப்பதாக டாஷ்போர்டு ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், அப்பா கையெழுத்துக்குக் கீழே. அவர் எழுதியது 1999-ல் ஏதோ ஆயில் மாற்றிய கணக்கு.

ஏசி போட்டால் ஐட்லிங் இறங்கி இன்னும் லேசாக நடுங்குகிறது. ஏசி போட்டதும் ஐட்லிங்கைத் தூக்கிவிடுகிற டயாஃப்ராம் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் இந்த முறை "நினைக்கிறேன்" என்பதோடு கடைக்குப் போகப்போவதில்லை. அடுத்த ஞாயிறு ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கரூர் அண்ணன், அதற்குள் தெரிந்தால் சொல்லிவிடுங்கள்.